பரங்கிக்காயின் குரல்

போன மாதம் எங்கள் கோயில் கூடத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ கேசட் போட்டார்கள். அமெரிக்காவில் செய்த கார்ட்டூன். காய்கறிகள் பேசுகின்றன, சண்டை போடுகின்றன, தடுக்கி விழுகின்றன. அந்தக் கூத்துக்குள்ளேயே ஒரு வேதாகமக் கதையும் நடந்து முடிந்துவிடுகிறது. எனக்கு ஆங்கிலம் வராது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஆள் நான். ஆனாலும் எந்தக் காய் யார் என்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேத்தி என் மடியில் துள்ளிக்கொண்டே, "தாத்தா, காய்கறி பேசுது பாருங்க! யாருக்கு தாத்தா இப்படியெல்லாம் தோணும்?" என்று கேட்டாள். அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றேன். நான் கூச்சக்காரன் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மலாக்காவில், காஜா பெராங்கில் என்னோடு வளர்ந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். சின்ன வயதில் ஒரு வீட்டைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லி உங்கள் அம்மாக்கள் உங்களை மிரட்டியிருப்பார்கள். சூனியக்காரி வீடு. பள்ளிக்கூடம் போகும்போது அந்த வேலிப் பக்கம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவீர்கள். உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். அது எங்கள் வீடு. நீங்கள் பயந்தது என் அக்காவுக்கு. அக்கா இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்த ஆண்டு அது. அக்காவுக்குப் பதினெட்டு வயது இருக்கும். எனக்கு ஒன்பது.

அப்பா பசார் சந்தையில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் காய்கறிக் கடையில் மூட்டை தூக்கினார். வளைந்தது, நசுங்கியது, புழு வைத்தது என்று விற்காத காய்களைத் தவுக்கே அவரிடம் கொடுத்துவிடுவார். மத்தியானம் அப்பா சைக்கிளில் சாக்கோடு வந்து இறங்கும்போதே அந்த வாடை வீட்டுக்குள் வந்துவிடும். அழுகிய கோஸ் இலையும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. இன்றைக்கும் பசாரைக் கடந்து போனால் அப்பா வந்துவிட்டார் என்று ஒரு நொடி தோன்றும்.

சாக்கை அம்மா பிரிப்பதற்கு முன்பு அக்கா பிரிப்பாள். அம்மா குழம்புக்குத் தேடுவாள். அக்கா முகம் தேடுவாள். வளைந்துபோன கத்திரிக்காயை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இவன் எப்பவும் எதையாச்சும் நெனைச்சுப் பயந்துக்கிட்டே இருக்கிற ஆளு" என்பாள். அப்புறம் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

அவள் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தாள். உபதேசியார் கொடுத்த பாடத்தை அப்படியே சொன்னால் பிள்ளைகள் தூங்கிவிடும். ஒரு ஞாயிறு, வீட்டுக்கு எடுத்துப் போக வைத்திருந்த கத்திரிக்காயைக் கூடையிலிருந்து எடுத்து, அதன் காம்பைத் தொப்பி மாதிரி ஆட்டிக்கொண்டு, "நான்தான் யோனா. என்ன எங்கயும் போகச் சொல்லாதீங்க, எனக்கு வயிறு சரியில்ல" என்றாள். தூங்கிக்கொண்டிருந்த பையன் ஒருவன் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். அப்படித்தான் தொடங்கியது.

பிறகு ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் காட்சி நடந்தது. இரண்டு கம்புகளுக்கு நடுவில் திரையாக அம்மாவின் பழைய பாத்தேக் சாரோங் கைலி. பழுப்பு நிறத்தில் பெரிய பெரிய பூப்போட்டது. அதற்குப் பின்னால் அக்காவும் நானும் குந்திக்கொண்டு காய்களைக் குச்சியில் செருகி மேலே தூக்குவோம். அக்கா ஒரு தையல் கடைக்குப் பொத்தான் துளை போட்டுக் கொடுப்பாள். அதனால் வீட்டில் கறுப்புத் தலை வைத்த குண்டூசிகள் உண்டு. அவைதான் கண்கள். தையலில் மிஞ்சிய சிவப்பு நூல் கழுத்துத் துண்டு. யோனாவுக்குத் தாடி வேண்டும் என்று, சீப்பில் சிக்கிய தன் முடியைச் சுருட்டிச் சோற்றுப் பசையால் ஒட்டினாள்.

"தீர்க்கதரிசிக்குத் தாடி இல்லாமலா? சவரம் பண்ணிட்டு வந்தா யாருடா நம்புவா?" என்றாள்.

குடைந்த சுரைக்காய்தான் மீன். கத்திரிக்காயை அதன் வாய்க்குள் தள்ளிவிட்டு உள்ளேயிருந்து பேசுவாள்: "ஆண்டவரே, நாத்தம் தாங்கல! நீங்க போகச் சொன்ன நினிவே எவ்வளவோ தேவல!" பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும்.

இராட்சதன் கோலியாத்து ஒரு பரங்கிக்காய். அதற்கு அக்கா ஒரு குரல் வைத்திருந்தாள். அவ்வளவு ஒல்லியான பெண்ணிடமிருந்து அப்படி ஒரு குரல் எப்படி வந்ததென்று இன்றும் எனக்கு வியப்புதான். அடிவயிற்றிலிருந்து, பீப்பாயை உருட்டுவதுபோல வரும். அவனை வீழ்த்தும் பொடிப் பையன் தாவீது பச்சை மிளகாய். அது நான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை ஊமை என்றுதான் கூப்பிடுவார். சாரோங்குக்குப் பின்னால் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

"டேய் பொடியா! உன்னைக் கடிச்சுத் துப்பிருவேன்!"

"கடிங்கண்ணே. அப்புறம் தண்ணி எங்கன்னு கேட்டு மலாக்கா பூரா ஓடுவீங்க."

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். பக்கத்துச் செட்டிக் கம்போங் குடியிருப்பிலிருந்தும் வருவார்கள். அவர்கள் திருநீறு பூசியிருப்பார்கள், தமிழ் தெரியாது, வீட்டில் மலாய்தான். அவர்களுக்காக அக்கா இடையிடையே காய்களை மலாயில் பேசவிடுவாள். முடிந்ததும் "லாகி, காக்! லாகி!" என்று தரையைத் தட்டுவார்கள். அக்கா, இன்னொரு தரம் என்கிறார்கள். இன்னொரு தரம் எப்படி? கோலியாத்து அதற்குள் அம்மாவின் அரிவாள்மணைக்குப் போயிருப்பான். இரவுச் சாப்பாட்டில் நான் அவனைத் தொட மாட்டேன். "எதிரிதானேடா, சாப்பிடு" என்பாள் அக்கா.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "திங்கிற சாமான வெச்சு என்ன வெளையாட்டு" என்பார். உபதேசியார் ஒருநாள் வந்து பின்னால் நின்று பார்த்தார். கத்திரிக்காய் மீனுக்குள்ளிருந்து தும்மியபோது கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். போகும்போது மட்டும், "வேதத்தை ரொம்பக் கேலியாக்கிடாதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்கு அந்த ஆண்டுதான் ஒரு குடும்பம் வந்திருந்தது. உட்பகுதியில் ஏதோ ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த அம்மாளை அத்தை என்றும் அவர் கணவரை மாமா என்றும் கூப்பிட்டோம். மாமா ஒரு கிடங்கில் இரவுக் காவல். தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு மகன் இருந்து செத்துப்போனான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அத்தை உறுதியாக நம்பினாள். அதனால்தான் தோட்டத்தை விட்டே வந்தார்கள். மிஞ்சியது ஐந்து வயதுப் பெண் பிள்ளை. நாங்கள் பாப்பா என்போம். அவள் கன்னத்தில் எப்போதும் மை. அவளை யாராவது நன்றாகப் பார்த்தால்கூட அத்தை முந்தானையால் மூடிவிடுவாள். சத்தமாகச் சிரித்தால், "பல்லக் காட்டாத, கண்ணு பட்டுரும்" என்று அதட்டுவாள்.

ஞாயிறு மத்தியானம் மாமா தூங்குவார். அத்தை துணி துவைக்கும் வீடுகளுக்குப் போய்விடுவாள். பாப்பா வேலியில் ஒரு பலகையைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிடும். முன் வரிசையில் உட்காரும். அது சிரித்தால் எங்களுக்குப் பின்னாலிருந்தே தெரியும், குயவன் சக்கரம் மாதிரி ஒரு கிறீச். கத்திரிக்காய் யோனாவிடம் மட்டும் அது பேசும். "மாமா, மீனு கடிச்சிச்சா? வலிக்குதா?" என்று கேட்கும். அக்கா கத்திரிக்காயைத் தலையாட்டச் செய்து, "லேசா வலிக்குது பாப்பா. நீ ஊதிவிட்டா போயிரும்" என்பாள். பாப்பா எழுந்து வந்து ஊதும்.

ஒருநாள் காட்சி முடிந்தும் அது போகவில்லை. "யோனா மாமாவ வெட்டிருவீங்களா?" என்று கேட்டது.

அக்கா கத்திரிக்காயைக் குச்சியிலிருந்து உருவி அதன் கையில் கொடுத்தாள். "வெட்ட மாட்டேன். நீயே கூட்டிட்டுப் போ."

பாப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலிக்குள் நுழைந்து போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன். நடந்தது இவ்வளவுதான்.

மெர்டேக்காவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஊர் முழுவதும் கொடியும் காகிதத் தோரணமும் வந்துவிட்டன. கடைக்காரர்கள் ஏணி வைத்துக்கொண்டு விளக்கு கட்டினார்கள். பாப்பா மட்டும் இரண்டு ஞாயிறு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஒரு காலை அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனாள். நானும் போனேன். வாசலிலேயே அந்த மூச்சு கேட்டது. ஈர மரத்தை ரம்பத்தால் அறுப்பது மாதிரி. கழுத்து மாட்டுக் கன்றுக்குப்போல வீங்கியிருந்தது. அக்கா பாப்பாவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது.

எனக்கு நேர் இளைய தம்பி ஒருவன் அப்படித்தான் போனான். தொண்டை அடைப்பான். ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஓட்டை போட வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். பிள்ளை கழுத்தில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று எங்கள் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று சாயங்காலமே முடிந்துபோனது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"அத்தே, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. என் தம்பிக்கு இதேதான்," என்றாள் அக்கா.

அத்தை மறுக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். அழுதுகொண்டே எழுந்து, மாமாவை எழுப்பி, மூன்று சக்கரப் பெச்சா ஓட்டுகிறவனைக் கூப்பிட்டு வரச் சொன்னாள். மாற்றுத் துணி எடுக்கப் பாப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தாள்.

துணிக்கு அடியில் அது இருந்தது. சுருங்கிக் கறுத்துப்போய், ஒரு பக்கம் புழு நெளிய, இரண்டு குண்டூசி குத்தி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, மனித முடி ஒட்டிய ஒரு கத்திரிக்காய்.

நாங்கள் பார்த்தது யோனாவை. அத்தை பார்த்தது வேறு. அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

"இது ஆஸ்பத்திரி சீக்கு இல்லங்க! வெச்சிட்டாங்க! மூத்தவனுக்கு வெச்ச மாதிரியே வெச்சிட்டாங்க!"

அக்கா அவசரமாக, "ஐயோ அத்தே, அது வெளையாட்டுப் பொம்மை. நான்தான் செஞ்சேன். பாப்பா கேட்டுச்சுன்னு குடுத்தேன்" என்றாள்.

அத்தை மெல்லத் திரும்பினாள். "நீயா செஞ்ச?"

"ஆமா அத்தே."

"இந்த முடி?"

"என் முடிதான். தாடிக்கு..."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. உண்மையை இப்படி நேராகச் சொன்னால் அது எப்படிக் காதில் விழும் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. நான், "அது யோனா, மீனுக்குள்ள போனவரு" என்று கத்தினேன். ஒரு மாமி என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டாள். "அக்காவுக்குத் தம்பி வேற என்ன சொல்லுவான்? வெளையாட்டுன்னு சொல்லி நம்ம பிள்ளைங்களையெல்லாம்ல கூட்டி உக்கார வெச்சிருக்கா!" வேலியோரம் நின்ற பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

பெச்சா வந்து நின்றது. மாமா அதைத் திருப்பி அனுப்பினார். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் செய்வினை எடுக்கிறவர் ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஆள் போனது. அவர் சாயங்காலம்தான் வருவாராம். அதுவரை பிள்ளையை வீட்டை விட்டு வெளியே எடுக்கக் கூடாதாம்.

அக்கா என்னை உபதேசியாரிடம் ஓடச் சொன்னாள். அவர் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தாள். அவர் சைக்கிளில் வந்தார். முற்றத்தில் காகிதத்தின்மேல் கிடந்த அதைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "முடியை எதுக்கும்மா வெச்ச?" என்று அவரும் கேட்டார். அவர் பயந்ததை நான் பார்த்தேன். பலதரப்பட்ட ஆட்கள் இருக்கிற இடம், மெர்டேக்கா நேரம், கோயிலுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. அவர் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "நீ வீட்டுக்குப் போ. அவங்க பிள்ளை, அவங்க பார்த்துப்பாங்க. நான் ஜெபம் பண்றேன்," என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்தாள். சமையல் கட்டில் நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ரம்பம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரும்பவில்லை. அக்கா பின்னலை அவிழ்த்து முடியை முகத்தில் விழும்படி விட்டுக்கொண்டு மறுபடி வெளியே போனாள்.

அத்தை வீட்டு முற்றத்தில் நின்று அவள் பேசியபோது கூட்டம் பின்வாங்கியது. எனக்கு மட்டும் அந்தக் குரலைத் தெரியும். அது பரங்கிக்காயின் குரல்.

"ஆமாடி. நான்தான் கட்டுனேன்."

அத்தையின் கை பாப்பாவை இறுக்கிக்கொண்டது.

"சாயங்காலம் வர்றவன் என்னத்த அவுப்பான்? கட்டுனவ நானு. நான் சொன்னாத்தான் அவுறும். உச்சி வெயிலுக்கு முன்னாடி புள்ள ஆத்தத் தாண்டணும். ஆத்துக்கு அந்தப் பக்கம் என் கட்டு நிக்காது. அங்க ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிக்கணும். வெள்ள உடுப்புக்காரங்க கையில புள்ளையக் குடுத்துட்டு எட்டி நிக்கணும். அவங்க என்ன செஞ்சாலும் தடுக்கக் கூடாது. கழுத்துல கத்தி வெச்சாலும் தடுக்கக் கூடாது. தடுத்தா கட்டு இறுகிரும்!"

யாரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரலுக்கு விழுந்து விழுந்து சிரித்த பிள்ளைகள் இரண்டு பேர் வேலிக்கு அப்பால் அழத் தொடங்கினார்கள். உபதேசியார் சைக்கிளைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றார். எங்கள் வீட்டு வாசலில் அம்மா வந்து நின்றிருந்தாள். அவள் மட்டும் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளப்போனவள், கையைக் கீழே விட்டுவிட்டாள்.

மாமா தெருவுக்கு ஓடினார். திருப்பி அனுப்பிய பெச்சா தெருமுனையில் வேறு ஆளுக்காகக் காத்து நின்றது.

பாப்பா பிழைத்தது. கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு வெள்ளிக் குழாய் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அத்தை தடுக்கவில்லை. எட்டி நின்றாளாம். செய்வினை எடுக்கிறவர் சாயங்காலம் வந்து, சூனியக்காரியே ஒப்புக்கொண்டதற்குத் தன் வருகைதான் காரணம் என்று சொல்லி, அந்தக் கத்திரிக்காயை முச்சந்தியில் எரித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. நம்பினார். நம்பியதால்தான் அப்படிக் கேட்டார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னால நின்னு, நான் சொன்னது பொய்யின்னு சொல்லிடும்மா. அவ்வளவுதான். வகுப்பை நீயே எடு."

"இப்ப சொன்னா அத்தை காதுக்குப் போயிரும் ஐயா. வேற யாரோ வெச்ச கட்டு இன்னும் அவுறலன்னு நெனைச்சு, குழாயோட புள்ளையத் தூக்கிட்டு வந்துருவாங்க."

"ஆண்டவர் இருக்கார்ம்மா."

"இருக்கார் ஐயா. அத்தையும் இருக்காங்களே."

அவர் எழுந்துகொண்டார். "பிசாசு பேரைச் சொல்லி ஊரறியப் பேசின பொண்ணுகிட்ட பிள்ளைகளை நான் எப்படி அனுப்புறது?" என்றார். அந்த ஞாயிறு அவள் எழுந்து நின்று எதையும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. கிளேபாங்கில் அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பக்கூட இல்லை. தையல் கடைக்காரர் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார். அப்பா சாக்கை இப்போது அம்மாவிடம் நேராகக் கொடுத்தார். அம்மா எல்லாக் காய்களையும் உடனே நறுக்கிவிட்டாள். சாரோங்கை அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு நான் அதைப் பார்க்கவே இல்லை.

மெர்டேக்கா அன்று எல்லாரும் பாடாங் திடலுக்குப் போனார்கள். நாங்கள் போகவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா என்னைப் போகச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். பையன்கள் என்னைப் பார்த்து சூனியம் அண்டாமலிருக்க விரல்களைச் சிலுவைபோலக் குறுக்கே வைத்துக் காட்டுவார்கள். பச்சை மிளகாய் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. அந்த ஆண்டுக்குப் பிறகு நான் நாலு பேருக்கு முன்னால் பேசியதில்லை.

பாப்பா வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் குழாயும் அதைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டும் இருந்தன. பேச்சு வராது, காற்று மட்டும் வரும். குழாயை எடுக்க இன்னும் சில மாதம் ஆகும், அதுவரை சுத்தம் செய்ய மாதாமாதம் கொண்டு வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். தண்ணீர்க் குழாயடியில் மாமா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"இனிமே எதுக்குண்ணே அங்க? கட்டுதான் அவுந்துருச்சே. மந்திரிக்கிறவரே சொல்லிட்டாரு. நாங்க கிளேபாங் பக்கம் வீடு பாத்துட்டோம். அங்க போயி குழாய நாமளே எடுத்துரலாம்னு அவ சொல்றா."

நான் வீட்டுக்குள் வந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமல் கேட்டாள்.

அவர்கள் கிளம்பிய நாள் லாரி எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது. பாப்பா முன்னால் மாமாவின் மடியில் இருந்தது. அத்தை ஒரு தட்டோடு எங்கள் வேலிக்கு வந்தாள். வெற்றிலை, வாழைப்பழம், ஒரு தேங்காய். உள்ளே வரவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்க் கைகூப்பினாள். அவள் அக்காவைவிட இருபது வயதாவது மூத்தவள்.

"எங்கள விட்ருங்கம்மா. தெரியாம பக்கத்துல வந்து குடியிருந்துட்டோம். இனி உங்க கண்ணுல படமாட்டோம். புள்ளைய மட்டும் விட்ருங்க."

அம்மா என் பின்னாலிருந்து மெதுவாக, "சொல்லிரு. இப்பவாச்சும் சொல்லிரு. புள்ளதான் பொழைச்சிருச்சே" என்றாள்.

அக்கா வேலிவரை நடந்து போனாள். அவள் உண்மையைச் சொல்லப்போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். இனிமேல் அதனால் யாருக்கு என்ன? அத்தை அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், கோயிலுக்குச் சேதி போகும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒன்பது வயதில் நினைத்தேன். லாரியிலிருந்து பாப்பா எங்களைப் பார்த்துக் கையை நீட்டியது. மாமா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா அந்தக் கழுத்துக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முடியை அவிழ்த்துவிட்டாள்.

"விட்டுட்டேன்னு யாருடி சொன்னா?" அதே குரல். "மாசா மாசம் புள்ள ஆத்தத் தாண்டணும். அதே வாசப்படிய மிதிக்கணும். அந்தக் குழாய அவங்க கைதான் எடுக்கணும். வேற யாரு கை பட்டாலும், ஒரு மாசம் தப்புனாலும், நான் வந்துருவேன். நீங்க கிளேபாங்குல இருந்தாலும் வருவேன், கடலுக்கு அந்தப் பக்கம் போனாலும் வருவேன்."

அத்தை தலையை ஆட்டினாள். "தப்ப மாட்டோம்மா. சத்தியமா தப்ப மாட்டோம்."

ஓடிப்போய் லாரியில் ஏறினாள். எதிர்வீடுகளில் ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அம்மா உள்ளே போய்விட்டாள். அத்தை லாரியிலிருந்து எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பதால், லாரி காஜா பெராங் சாலையில் திரும்பி மறையும்வரை அக்கா அந்த முகத்தை மாற்றவே இல்லை.